மதிலுக்குள் காய்ந்த இரண்டு உடுப்புகள்

வாளித் தண்ணீருக்குள் புஸ்பம் ஒரு காய்ந்த சட்டையை அமுக்கினாள். நாலைந்து வயதுப் பிள்ளை போடக்கூடிய மஞ்சள் சட்டை. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூக்கள். அதில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அவள் சவர்க்காரமும் போடவில்லை. நனைந்ததும் எடுத்துப் பிழிந்தாள், உதறினாள், கொடியில் போட்டுக் கிளிப் குத்தினாள். பிறகு ஒரு பச்சைக் காற்சட்டை. அதற்கும் அதே கவனிப்பு.

நான் கனடாக்காரரின் பெரிய வீட்டின் பின் வளவில், கிணற்றுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டுப்போன தை மாதத்துக் காலை. கால் வைத்த இடமெல்லாம் ஈரம். என் கையில், மட்டையில் வெட்டித் தங்கநிறக் கடதாசி ஒட்டிய, பிள்ளைகளின் தலைக்கு வைக்கிற இரண்டு முடிகள் இருந்தன.

“புஸ்பம், அது தோய்ச்ச உடுப்பெல்லோ? ஏன் திரும்ப நனைக்கிறீர்?”

“காஞ்சதை அப்பிடியே போட்டால் கள்ளருக்கு விளங்கியிடுமாம் ரீச்சர். தண்ணி சொட்ட வேணுமாம். கனடா அம்மா போனில சொன்னவா.”

“அப்ப பிள்ளையள்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.

“பிள்ளையள் இல்லை ரீச்சர். உடுப்பு மட்டும்தான்.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கள்ளனுக்குப் பயந்து, இல்லாத பிள்ளைக்குத் தினமும் உடுப்புத் தோய்க்கிற வீட்டை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. பிறகு கையில் இருந்த முடிகளைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று சொல்வதற்கு, எங்கள் வீதியை ஒரு தடவை சுற்றி வரவேண்டும். போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்துவிட்டு, “சொல்ல வந்ததை விட்டு ஊர் சுற்றுகிறீர்கள்” என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். இந்தக் கிழமையும் அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேலி தகரமாகி, தகரம் மதிலாகி

எங்கள் வீதி கிளிநொச்சியில், ஏ9 பெருந்தெருவில் இருந்து கூப்பிடு தூரத்தில், இரணைமடு வாய்க்கால் ஒன்றை ஒட்டிப் போகிறது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தபோது வீதியில் நாலே நாலு வீடு. மிச்சமெல்லாம் வயல்.

பிறகு, தெற்கில் நடந்த கலவரங்களுக்குத் தப்பி மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்கள் வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டன. வீதியில் இருந்தவர்களிடம் வயல் இருந்தது. கரையில் இருந்தவர்கள் அந்த வயல்களில் இறங்கி வேலை செய்தார்கள். இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனோம். கிட்டடியில் வேறு பள்ளிக்கூடம் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். எங்கள் பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

யுத்தத்தின் கடைசியில் வீதியே காலியானது. சட்டி பானையோடு வெளிக்கிட்டு, இடம் மாறி இடம் மாறி, முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், முகாமில் முடிந்தோம். அதைப் பற்றி முன்பு எழுதிவிட்டேன். இங்கே இன்னொரு விசயம் மட்டும் சொல்ல வேண்டும்.

முகாமில் எல்லோருக்கும் ஒரே அளவுத் தறப்பாள் கூடாரம். ஒரே வரிசை, ஒரே பருப்பு. வயல் வைத்திருந்தவருக்கும் வயலில் வேலை செய்தவருக்கும் வருமானம் என்று ஒரு சதம் இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் வீதியில் மேல், கீழ் இல்லாமல் இருந்தது அந்தக் காலத்தில் மட்டும்தான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படிச் சமமாவதற்கு யாரும் ஆசைப்படமாட்டார்கள்.

அங்கேதான் புஸ்பத்தை எனக்கு நெருக்கமாகத் தெரியவந்தது. வாய்க்கால் கரைக் குடும்பம் ஒன்றின் பிள்ளை. என்னைவிட வயதில் இளையவள். அவளுடைய புருசன் கடைசி நாட்களில் காணாமற் போனவர், இன்றைக்கும் செய்தி இல்லை. பக்கத்துக் கூடாரம். எனக்கும் கைக்குழந்தை, அவளுக்கும் கைக்குழந்தை. என் மகன் ஆதவனும் அவள் மகள் நிலானியும் இரண்டு கிழமை வித்தியாசத்தில் பிறந்தவர்கள்.

காய்ச்சலில் நான் எழும்பமுடியாமல் கிடந்த நாட்களில், தண்ணீர் வரிசையில் தன் கானோடு என் கானையும் வைத்துக்கொண்டு நின்றவள் அவள். இடுப்பில் பிள்ளையோடு, அந்த வெயிலில், ஒருவருக்கு இரண்டு கான் ஏன் என்று கேட்டவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தண்ணீரில்தான் ஆதவனுக்குப் பால்மா கரைத்தேன்.

திரும்பி வந்தபோது எனக்கு என் வேலை இருந்தது. அரச சம்பளம் மறுபடி வரத் தொடங்கியது. என் கணவருக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. புஸ்பத்துக்குத் திரும்பி வருவதற்கு எதுவும் இருக்கவில்லை. கரைக் காணிக்கு உறுதிப் பத்திரமும் இல்லை. ஒரே லொறியில் வந்து இறங்கிய நாங்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் இரண்டு விதமாகப் போனோம். எவரும் எவரையும் தள்ளவில்லை, அது தன்பாட்டில் நடந்தது.

வீதியும் மாறியது. வயல்களைப் பரப்புப் பரப்பாகத் துண்டு போட்டு விற்றார்கள். எங்கள் அப்பாவின் வயலையும் அப்படித்தான் விற்றோம், அதில் நான் யாரையும் குறை சொல்லமுடியாது. வங்கிக்காரர் வந்தார்கள், சட்டத்தரணி வந்தார், மாவட்டக் கச்சேரி உத்தியோகத்தர்கள் வாடகைக்கு வந்தார்கள். கனடா, சுவிஸ் காசில் மாபிள் பதித்த மேல்மாடி வீடுகள் எழும்பின. கட்டியவர்கள் குடிபுகும் நாளுக்கு வந்து, பால் காய்ச்சி, படம் எடுத்து, பூட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கிடுகு வேலி தகரமானது, தகரம் மதிலானது. மதில் எழும்ப எழும்ப எனக்கு ஒரு தொழில் கஷ்டம் வந்தது. பிள்ளை எண்ணமுடியாமற் போனது.

கொடி பார்த்துப் பிள்ளை எண்ணுதல்

எங்களுடையது ஆரம்பப் பள்ளிக்கூடம். யுத்தத்துக்குப் பிறகு யாரோ புண்ணியவான்கள் நல்ல கட்டடம் கட்டித் தந்தார்கள். புது மேசை, புதுக் கதிரை, சுவரில் யானை, முயல், மயில். பிள்ளைகள்தான் போதவில்லை.

அதற்குக் காரணம் இரண்டு. வசதி வந்தவர்கள் பிள்ளைகளை ஏ9-க்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு வானில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு வீதியில் மூன்று வான் ஓடும். இரண்டாவது காரணம், நான் சொல்கிற அந்த வருடம் தரம் ஒன்றுக்கு வரவேண்டிய பிள்ளைகள் யுத்தத்தின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் ஏன் குறைவு என்று எங்கள் ஊரில் எவரும் எவரிடமும் கேட்பதில்லை.

பத்துப் பிள்ளைக்குக் குறைந்தால் அந்த வருடம் தரம் ஒன்று தொடங்க விடமாட்டோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வருகிற பிள்ளைகளைப் பெருந்தெருவுக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டுமாம்.

வான் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. கரைப் பிள்ளைகளில் ஏழு பேரின் அண்ணனோ அக்காவோ அந்தப் பக்கம் படித்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். நிலானிக்கு அப்படி யாரும் இல்லை. புஸ்பம் ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவப் போகவேண்டும், அது முடிய வீடு கூட்டுகிற வேலை. எங்கள் பள்ளிக்கூடம் என்றால் பிள்ளை தானே நடந்து வரும், படலையில் இருந்து எண்ணி ஐம்பது காலடி. பெருந்தெருவைக் கடப்பதென்றால், பஸ்ஸும் லொறியும் பறக்கிற தெருவில், ஐந்து வயதுப் பிள்ளை. ஒரு வகுப்புத் திறப்பதும் திறக்காததும் அந்த வருடம் அந்த ஒரு பிள்ளையில் வந்து நின்றது.

ஆகவே கார்த்திகை, மார்கழியில் நான் கொப்பியோடு வெளிக்கிட்டேன். கேற்றைத் தட்டினால் எல்லோரும் திறப்பதில்லை. சில வீடுகளில் மணி இருக்கிறது, அடித்தால் நாய் மட்டும்தான் பதில் சொல்லும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கொடி பார்ப்பது.

மதில் எவ்வளவு உயரமென்றாலும் கேற் இடுக்கால் உடுப்புக் கொடி தெரியும். ஞாயிறு காலை அதற்கு நல்ல நேரம். பிள்ளைத் துண்டு காய்ந்தால் ஐந்து வருடம் கழித்து வரலாம். இடுப்பில் இழுவை நாடா வைத்த குட்டிக் காற்சட்டை என்றால் கொப்பியைத் திறக்கலாம். இந்த வித்தையில் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அந்த நினைப்புத்தான் என்னைக் குழியில் விழுத்தியது.

எட்டுப் பிள்ளைகள் கிடைத்தார்கள். எட்டும் வாய்க்கால் கரை. இன்னும் இரண்டு வேண்டும். அப்போதுதான் கனடாக்காரரின் மேல்மாடி வீட்டுக் கொடியில் அந்த மஞ்சள் சட்டையையும் பச்சைக் காற்சட்டையையும் கண்டேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறும் கண்டேன்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. எந்த வீட்டில் பிள்ளைகளின் உடுப்பு மட்டும் காயும்? ஒரு சேலை, ஒரு சாரம், ஒரு துவாய் காயாதா? இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரேயொரு உடுப்புத்தானா? படிப்பிக்கும்போது பிள்ளைகளிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற எனக்கு அந்தக் கேள்விகள் ஒன்றும் வரவில்லை. இரண்டு தேவைப்பட்டது, இரண்டு கிடைத்தது. அதற்குமேல் பார்க்க நான் விரும்பவில்லை.

“ஓம் ரீச்சர், ரெண்டு பேர்”

முழுக்க விசாரிக்காமல் எழுதினேன் என்றும் சொல்லமுடியாது. அந்த வீட்டில் வேலைக்குப் போனது புஸ்பம்தான் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் சந்தையால் வரும்போது வீதியில் கண்டு, சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டேன்.

“கனடா வீட்டுக்குச் சின்னப் பிள்ளையள் வந்திருக்கினமோ புஸ்பம்?”

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“ஓம் ரீச்சர். ரெண்டு பேர்.”

ஏன் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நான் மிதித்துக்கொண்டு போய்விட்டேன். கொப்பியில் பத்து என்று எழுதினேன். பள்ளிக்கூடத்து அதிபர் சேர் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு நான் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. என் உண்மையான பிழை அதுதான் என்று நினைக்கிறேன். எண்ணியது பிழைத்தது பெரிய காரியமில்லை. பத்து வந்துவிட்டது என்று தேடுவதை நிறுத்தினேன்.

பத்து முடிகள்

புதுப் பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழா எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்னக் கலியாணம் மாதிரி நடக்கும். வாசலில் வாழை கட்டி, பெரிய வகுப்புப் பிள்ளைகள் கைபிடித்து அழைத்து வந்து, தலையில் முடி வைப்போம். மூன்று பின்னேரம் இருந்து பத்து முடி செய்தேன். விரலெல்லாம் பசை.

எட்டுப் பேர் வந்தார்கள். நிலானி புதுச் சப்பாத்தோடு முதல் ஆளாக வந்து நின்றாள். முடி பெரிதாகிக் கண்ணுக்கு மேல் இறங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் எனக்குக் கும்பிடு போட்டாள்.

ஒன்பது மணி ஆனது. பத்து மணி ஆனது. மேலிடத்தில் இருந்து வந்த உத்தியோகத்தர் மேசையில் இருந்த இரண்டு முடிகளைப் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார்.

“ரெண்டு குறையுதே ரீச்சர்.”

“வருவினம் சேர். வெளிநாட்டுக் குடும்பம். நேரம் பிந்துது போல.”

அவர் நல்ல மனிதர். கத்தவில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள பத்துப் பேரைக் காட்டுங்கோ. இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் முடிகளையும் எடுத்துக்கொண்டு நேரே கனடா வீட்டுக்கு ஓடினேன். புஸ்பம் பக்கக் கேற்றைத் திறந்தாள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

கிணற்றடியில்

கனடா அம்மா ஒரு பார்சலில் தன் பேரப்பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளை அனுப்பியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கள்ளர் வரமாட்டார்கள், பிள்ளை அழுதால் வீட்டார் எழும்புவார்கள் என்பது அவருடைய கணக்கு. வீடு வெறுமையாகக் கிடக்கிறது என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று புஸ்பத்திடம் நிலானியின் தலையில் சத்தியம் வாங்கியிருந்தார்.

“ரீச்சர் கேட்டதும் எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. பிள்ளையின்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினனான். அதுதான் ஓம் எண்டனான்.”

“அந்த ரெண்டு பேரையும் நான் பட்டியல்ல எழுதிப்போட்டன் புஸ்பம். இப்ப எட்டுத்தான். பத்து இல்லாட்டி வகுப்பு இல்லை.”

அவளுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு கையில் இருந்த வாளியை மெல்லக் கீழே வைத்தாள்.

“அப்ப நிலானிக்கு?”

நான் முடிகளைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

“நான் சொன்ன பொய்யாலயோ ரீச்சர்?”

“இல்லை. நான் பாக்காமல் எழுதினதால.”

அவள் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை மடித்தாள். கரையில் உள்ள வீடுகளை ஒன்று ஒன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு வீதியில் உள்ள வீடுகளை. யார் வீட்டில் யார், என்ன வயது, எங்கே படிக்கிறது. என் கொப்பியைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. திடீரென்று நிறுத்தினாள்.

“ரீச்சர், கேட்டால் கோவிக்கமாட்டீங்களே? உங்கட வீட்டிலயும் ஒரு பிள்ளை இருக்கெல்லோ?”

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைக் கேட்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணிக்கையில் என் வீடும் வந்தது. அவ்வளவுதான்.

என் கொப்பியில் வீதியில் உள்ள அத்தனை வீடும் இருந்தது. பூட்டிக் கிடந்த வீடு இருந்தது. ஆளே இல்லாத வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளைக்கூட எடுத்திருந்தேன். என்னுடைய வீட்டை நான் எழுதவேயில்லை. அதே காலை ஆதவன், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய பள்ளிக்கூடத்தில் முடி வைத்துக்கொண்டிருந்தான். நான் வேறு பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை

அன்று பின்னேரமே மேனகா வீட்டுக்குப் போனேன். வங்கி உத்தியோகத்தரின் மனைவி. யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்தவர்கள். அவருடைய மகளும் ஆதவனும் ஒரே வகுப்பு. தேத்தண்ணி தந்தார், கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்த முகம் மாறவில்லை.

“நீங்கள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ரீச்சர், குறைவாச் சொல்லேல்லை. ஆனால் உங்கட மகனை நீங்கள் அங்க விடேல்லையே. அவர் வரட்டும். அவர் வந்தால் என்ர மகளையும் அடுத்த நாளே கொண்டந்து விடுறன். சத்தியமா.”

அது மரியாதையான மறுப்பு என்றுதான் முதலில் எடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் கணக்கு விளங்கியது. ஆதவன் வந்தால் ஒன்பது. மேனகாவின் மகளோடு பத்து.

கணவரிடம் சொன்னேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“முடிவு உம்மட. படிப்பு விசயம் என்னைவிட உமக்குத் தெரியும். நீர் ஓம் எண்டால் நான் வான்காரனுக்குச் சொல்லுறன்.”

இவர் மறுத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! இன்றைக்கு வரைக்கும் இவரைச் சாட்டிக்கொண்டிருப்பேன்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்த பிள்ளை. பதுங்குகுழிக்குள் என் வயிற்றில் இருந்தவன். அவன் உயிரோடு வெளியே வந்தால் அவனுக்கு எல்லாவற்றிலும் நல்லதையே கொடுப்பேன் என்று அந்த இருட்டில் எத்தனை தடவை நேர்ந்திருப்பேன். பெரிய பள்ளிக்கூடம் அந்த நேர்த்தியில் ஒன்று. என் பள்ளிக்கூடத்தை நான் நேசித்தேன். ஆனால் என் பிள்ளைக்குப் போதும் என்று நம்பவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

செவ்வாய் போனது, புதன் போனது. காலையில் ஆதவனுக்கு வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் போட்டுவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று வானில் ஏற்றினேன். எங்கள் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் தற்காலிகமாக இருந்தார்கள். நிலானி “அ” எழுதப் பழகிவிட்டாள். வாலை மட்டும் மற்றப் பக்கம் திருப்புவாள்.

நான் ஆதவனை எங்கள் பள்ளிக்கூடத்தில் விடமாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையைப் போக விட்டேன்.

ஒரு வருடம்

தரம் ஒன்று அந்த வருடம் தொடங்கவில்லை. ஏழு பிள்ளைகள் அண்ணன், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பெருந்தெருவைக் கடந்தார்கள். புஸ்பம் நிலானியை வீட்டில் வைத்துக்கொண்டாள்.

“தெருவைக் கடந்து விட எனக்குப் பயம் ரீச்சர். அவளும் இல்லாட்டி எனக்கு ஒருத்தரும் இல்லை. அடுத்த வருசம் விடுறன்.”

அடுத்த வருடம் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களோடு நிலானியும் வந்தாள். வகுப்பாசிரியை நான்தான். பிள்ளைகளை உயரப்படி இருத்தும்போது அவள்தான் கடைசி. பின் வரிசை வாங்கில், மற்றவர்களைவிட ஒரு தலை உயர்ந்து இருப்பாள். வரவு கூப்பிடும்போதெல்லாம் அந்தத் தலை எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

புஸ்பம் என்னோடு கோபிக்கவில்லை. அந்தக் கிழமையைப் பற்றிப் பிறகு ஒரு சொல் பேசவுமில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

நிலானி இப்போது உயர்தரம் படிக்கிறாள், கெட்டிக்காரி. ஒரு வருடம் பிந்தி. ஆதவன் போன வருடம் படிக்க என்று இங்கிலாந்து போய்விட்டான். மேனகா குடும்பம் அதற்கு முன்பே அவுஸ்திரேலியா. வீதியில் இப்போது அரைவாசி வீடுகள் வெளியில் இருப்பவர்களுடையவை. கரைக் குடும்பங்கள் அந்த வீடுகளைக் கூட்டுகின்றன, பூமரத்துக்குத் தண்ணீர் விடுகின்றன. இறங்கி வேலை செய்ய வயல் ஒன்றும் மிச்சம் இல்லை.

போன மாதம் அக்காவுக்குச் சுகமில்லை என்று இவரும் நானும் வவுனியாவில் போய் மூன்று கிழமை நின்றோம். போகும்போது வீட்டுத் திறப்பைப் புஸ்பத்திடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? “அலுமாரியில தேவையானதை எடும்” என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

திரும்பி வந்து ஓட்டோவால் இறங்கும்போது என் கேற்றடியில் ஒரு இளம் பிள்ளை நின்றது. சேலை, தோளில் பை, கையில் கொப்பி. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியை. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தபடியால் என்னைத் தெரியாது.

“வணக்கம் அம்மா. வாற வருசத்துக்குப் பிள்ளையள் பதியிறம். உங்கட வளவில சின்னப் பிள்ளையின்ர உடுப்புக் காயுது, கண்டனான். என்ன வயது?”

நான் கேற் இடுக்கால் பார்த்தேன். நான் பத்திரமாக மடித்து வைத்திருந்த ஆதவனின் முதல் வருடத்து வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் கொடியில் தொங்கின. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாளியோடு புஸ்பம். எங்கள் வீட்டைக் காப்பாற்றுவதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது.

“பதியாதேங்கோ தங்கச்சி,” என்றேன். “உடுப்பு மட்டும்தான். பிள்ளை இல்லை.”

அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிப்போனது. பேனையை மூடப் போனவள், மரியாதைக்குக் கேட்டாள்.

“இந்த உடுப்புப் போட்ட பிள்ளை முந்தி எங்கட பள்ளிக்கூடத்திலயோ படிச்சவர்?”

புஸ்பம் வாளியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“இல்லை,” என்றேன். “பிள்ளை இருந்த நேரம் நான் தரேல்லை.”

இத்தனை வருடத்தில், புஸ்பத்தின் காதுபட அதை நான் சொன்னது அன்றைக்குத்தான்.